டுரியான் கிளையில் மோதிய மினி 2 ட்ரோன்: கிம்பல் தொங்குகிறது, உதவுங்கள்

கேள்வி (ஜெலுத்தோங்):
வணக்கம். சனிக்கிழமை பினாங்கு பாலிக் புலாவில் மாமாவின் டுரியான் தோட்டத்தை டிஜேஐ மினி 2-இல் எடுத்துக்கொண்டிருந்தேன். மழை தூற ஆரம்பித்தது. ட்ரோன் மரத்தடியில் நிற்பதை மறந்து, கிளம்பிய இடத்துக்குத் தானாகத் திரும்ப வைக்கும் பொத்தானை அழுத்திவிட்டேன். நேராக மேலே ஏறிக் கிளையில் அடித்து விழுந்தது. உடைந்த இறக்கை ஒன்றை மாற்றிவிட்டேன். படம் தெளிவாக வருகிறது. ஆனால் கேமராவை ஆடாமல் தாங்கும் கிம்பல், அறுத்த கோழியின் கழுத்து மாதிரி தொங்குகிறது. திரையில் 'கிம்பல் மோட்டார் ஓவர்லோட்' (மோட்டாருக்குச் சுமை அதிகம்) என்று வருகிறது. கடையில் கேமராவோடு முழுதாக மாற்றச் சொல்கிறார்கள். மாமா இந்த ஆண்டோடு தோட்டத்தை விடுகிறார். பழம் விழுந்து முடிவதற்குள் எடுத்தாக வேண்டும்.

பதில் (பிறை):
படம் வருகிறதே, கேமராவை மாற்ற அவசரப்படாதீர்கள் தம்பி. இதில் படத்துக்கான வயர் வேறு, மோட்டார்களுக்குப் போகும் பட்டை கேபிள் வேறு. பேட்டரியைக் கழற்றிவிட்டு கிம்பலை விரலால் மூன்று பக்கமும் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். எங்கேயாவது பிடித்தால் கிம்பலின் கை வளைந்திருக்கும், இல்லையென்றால் மண் புகுந்திருக்கும். அது தெரியும்வரை ஆன் செய்யவே வேண்டாம். சிக்கிய மோட்டார் சூடேறினால் நல்லதும் போய்விடும். கிம்பலைத் தாங்கும் ரப்பர்கள் துளையில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.
அப்புறம், ஒரே மோட்டாரின் இரண்டு இறக்கைகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்று மட்டும் புதிதென்றால் அதிர்வு வரும்.

ஜெலுத்தோங்:
பார்த்தேன் அண்ணே. எங்கேயும் பிடிக்கவில்லை. ஒரு ரப்பர் கழன்றிருந்தது, மாட்டிவிட்டேன். பட்டை கேபிள் மடங்கும் இடத்தில் நகம் கீறியது போல வெள்ளைக் கோடு. கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தால் இரண்டு செம்புக் கோடுகள் அறுந்திருக்கின்றன.

பதில் (செந்தூல்):
அதுதான் கோளாறு. மினி 2-க்கான கேபிள் என்று கேட்டு வாங்குங்கள். பிரிக்கும்முன் ஒவ்வொரு மடிப்பையும் படம் எடுத்து வையுங்கள். ஸ்க்ரூக்கள் ஒரே அளவில் இருக்காது. கழற்றிய வரிசையில் டேப்பில் ஒட்டுங்கள். இணைப்பியை நெம்ப இரும்பு வேண்டாம், பிளாஸ்டிக் போதும்.
நான் முதல் தடவை தவறியது இங்கேதான்: புதுக் கேபிளை இறுக்கிச் சுற்றிவிட்டேன். கிம்பல் கை திரும்பும்போதெல்லாம் கேபிள் பின்னுக்கு இழுக்க, அதே ஓவர்லோட் திரும்ப வந்தது. பழையது எவ்வளவு தளர்வாக இருந்ததோ அவ்வளவு தளர்வு விடுங்கள்.

ஜெலுத்தோங்:
நேற்று ராத்திரி மூன்று மணி நேரம் உட்கார்ந்து மாற்றினேன். முதல் தடவை எனக்கும் இறுக்கம்தான்; பிரித்துத் தளர்த்தினேன். ஆன் செய்ததும் கிம்பல் தலையை ஆட்டிவிட்டு நேராக நின்றது, கை நடுங்கிவிட்டது எனக்கு. அடிவானம் மட்டும் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. சமையலறை மேடையில் சமமாக வைத்து, செயலியில் கிம்பலை நேராக்கும் கேலிப்ரேஷன் ஓட்டினேன். கொஞ்சம் மிச்சமிருந்த சாய்வைக் கையால் சரிசெய்தேன். இரண்டு பேருக்கும் நன்றி அண்ணே. ஞாயிறு காலை பாலிக் புலாவுக்குப் போகிறேன், மரத்துக்கு வெளியே நின்றுதான் பறக்கவிடுவேன்.