பெருந்தொற்றுக்குப் பிறகு ஓட்டல் ஊழியர்களிடம் பழைய ஈடுபாடு திரும்பாதது ஏன்?

கேள்வி (ஓட்டல் மேலாளர், கோவை):
2020 மார்ச் 25-இல் ஊரடங்கு தொடங்கியபோது எங்கள் ஓட்டலில் பார்சல் மட்டும் என்றானது. ஜூன் 8 முதல் பாதி இருக்கைகளோடு அமர்ந்து உண்ண அரசு அனுமதித்தது. ஊருக்குச் சென்ற சப்ளையர்களும் மாஸ்டர்களும் பலர் மெல்லத் திரும்பினார்கள். ஆனால் முன்பிருந்த பிடிப்பு வேலையில் இல்லை. இலையில் சாம்பார் தீர்ந்ததைத் தாமாகவே கவனித்து வாளியோடு வந்து நின்றவர், இப்போது கூப்பிட்ட பிறகே வருகிறார். சம்பளம் பழைய அளவுக்கு வந்த பின்னும் இந்நிலை நீடிப்பது ஏன்?

பதில் (முன்னாள் சப்ளையர், சென்னை):
ஐயா, சம்பளத்தை மட்டும் பார்த்தால் காரணம் புலப்படாது. எங்களில் பலர் கடை மாடியிலேயே தங்கி, கடைச் சாப்பாட்டையே உண்டு, கைக்கு வரும் சம்பளத்தை அப்படியே ஊருக்கு அனுப்புகிறவர்கள். ஆகவே கடை மூடியபோது வேலையும் சோறும் படுக்க இடமும் ஒரே நாளில் போயின. நான் வேலை பார்த்த இடத்தில் அறையைக் காலி செய்யச் சொன்னார்களே தவிர, மீண்டும் எப்போது அழைப்பார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. திரும்பி வந்த பிறகும் பார்சல் கட்டும் வேலைதான். அதில் டிப்ஸ் கிடையாது. வழக்கமாக வருகிறவர் உட்காருவதற்குள் அவருக்குப் பிடித்ததைச் சொல்லிவிடும் பெருமையும் கிடையாது. டெலிவரிக்கு வருகிறவர் கைபேசியில் ஆர்டர் எண்ணைக் காட்டுவார், பையைக் கொடுப்போம், அவ்வளவுதான்.

பதில் (தொழிலாளர் சட்ட ஆலோசகர், மதுரை):
ஊரடங்குக் காலத்திற்கும் முழு ஊதியம் வழங்க வேண்டும் என்று 2020 மார்ச் 29-இல் மத்திய உள்துறை ஆணையிட்டது. மே 18 முதல் அது நடைமுறையில் இல்லை. வைப்பு நிதியிலிருந்து மூன்று மாதச் சம்பளம் வரை முன்பணம் எடுக்கவும், வேலையிழந்த ஈ.எஸ்.ஐ. உறுப்பினர்கள் சராசரி ஊதியத்தில் பாதியை 90 நாள் வரை பெறவும் வழி செய்யப்பட்டது. ஆனால், ஆண்டுக்கணக்கில் உழைத்தும் பதிவேட்டில் பெயரில்லாத கிளீனருக்கும் டேபிள் துடைப்பவருக்கும் இவற்றில் எதுவும் கிட்டவில்லை. தமது பெயரே கணக்கில் இல்லை என்பதை அந்த நெருக்கடியில் அறிந்தவரிடம் முன்போல் ஒட்டுதலை எதிர்பார்ப்பது நியாயமன்று. முதலில் அனைவரையும் பதிவு செய்யுங்கள்.

பதில் (சிறு ஓட்டல் உரிமையாளர், திருச்சி):
மேலே கூறியவை முற்றிலும் உண்மை. 2021 மே 10-இல் மீண்டும் முழு ஊரடங்கு வந்தபோது, அன்றைக்கே அனைவரையும் உட்காரவைத்துக் கல்லாக் கணக்கைக் காட்டி, பாதிச் சம்பளமும் மூன்று வேளைச் சாப்பாடும் உறுதி, அதற்கு மேல் இயலாது என்று கூறிவிட்டோம். ஊருக்குப் போனவர்களுக்கும் மாதந்தோறும் அந்தப் பாதியை அனுப்பினோம். கடை திறந்ததும் பரோட்டா மாஸ்டர் தம் ஊரிலிருந்து இன்னொருவரையும் அழைத்து வந்தார். உங்கள் ஊழியர்களிடம், இனி ஒருமுறை கடை மூட நேர்ந்தால் என்ன தருவீர்கள் என்பதை இப்போதே எழுதிக் கொடுத்துப் பாருங்கள்.