ஓடும் பனியில் ஜிபிஎஸ்: உங்கள் அனுபவம் உண்டா?

சிப்புட் தம்பி:
செயற்கைக்கோள் சிக்னலை வாங்கி இடத்தைச் சொல்லும் ஜிபிஎஸ் ரிசீவர் எப்படி வேலை செய்யும் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சுங்கை சிப்புட்டில் எங்கள் தமிழ்ப்பள்ளி மண்டபத்துக்கு ஓர் ஆராய்ச்சி அக்கா வந்து அண்டார்டிகா படங்கள் காட்டினார். கம்பத்தில் ஆண்டெனா, சூரியத் தகடு, பேட்டரிப் பெட்டி, மற்றதெல்லாம் வெள்ளை. அங்குள்ள ராஸ் பனித்தட்டின் (கடலில் மிதக்கும் பெரும் பனிப்பரப்பு) கடலோர முனை நாளுக்கு ஏறக்குறைய 3 மீட்டர் நகர்கிறதாம். பின்வரிசையிலிருந்த ஓய்வுபெற்ற கங்காணி தாத்தா எழுந்து, "தரையே ஓடினா எல்லைக்கல்லை எங்கம்மா நடுவீங்க?" என்றார். மண்டபமே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. "எங்க தலைவலியே அதுதான் தாத்தா" என்றார். பனிக்கு மேலே தெரியும் பாறையில் ஒரு ரிசீவரை ஊன்றி, அதை வைத்து மற்றதை அளப்பார்களாம். பாறை வெகுதூரம் என்றால் செயற்கைக்கோள்களின் துல்லியமான பாதை, கடிகாரக் கணக்கை வைத்தே இடம் கண்டுபிடிக்கலாமாம். தாத்தா இன்னொன்று கேட்க வாயெடுத்தார். அதற்குள் மைலோ கொடுக்கக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர் என்ன கேட்க வந்தார்? இன்னும் உறுத்துகிறது.

லூனாஸ்காரி:
தம்பி, பாறை மட்டும் நிற்குமா என்ன? 2004 சுமத்ரா நிலநடுக்கத்தில் லங்காவித் தீவே சுமார் 17 செ.மீ. நகர்ந்தது. நில அளவையில் இருந்த என் மாமா புது எண்களைப் பார்த்துவிட்டு, கருவி கெட்டுப்போச்சு என்று கத்தியது எனக்கு நினைவிருக்கிறது. அப்புறம், அண்டார்டிகாவில் அளப்பது வேடிக்கைக்கு அல்ல. அங்கே பிரண்ட் பனித்தட்டில் விரிசல் வளர்ந்ததால் அதன்மேல் இருந்த பிரிட்டனின் ஹாலி ஆய்வு நிலையத்தையே 23 கி.மீ. தள்ளி இழுத்துப் போனார்கள். 2023 ஜனவரியில் அந்தத் தட்டிலிருந்து பெரிய துண்டு உடைந்தே போனது.

செம்பனை அண்ணன்:
லூனாஸ்காரி சொல்வது சரி, ஆனால் நிலநடுக்கத்தை இதோடு சேர்க்காதீர்கள். பனித்தட்டு கடலில் மிதக்கிறது, ஓதம் ஏறினால் அதுவும் ஏறும். ஒரு மாணவர் மடிக்கணினியில் பனித்தட்டின் உயரத்தை வரைந்த கோட்டைக் காட்டினார், மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கியது. அவ்வளவுதான் என் கதை.
தம்பி, நம் தோட்டத்தில் அளக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன். செம்பனை மட்டைக்கு அடியில் ரிசீவரை வைக்காதே, சிக்னல் அடிபட்டு எண் தாறுமாறாகும். வேலி ஓரம், தகரக் கொட்டகை பக்கமும் வேண்டாம். திறந்த வெளியில் இரண்டு புள்ளி பிடித்து, மரங்களுக்கு உள்ளே டோட்டல் ஸ்டேஷனால் (கோணமும் தூரமும் அளக்கும் கருவி) போ. ஆண்டெனா உயரத்தை ஆரம்பத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை அள. சாய்வாக அளந்தாயா நேராக அளந்தாயா என்று புத்தகத்தில் எழுது, கைப்பேசியில் அல்ல. பேட்டரி இன்னொன்று கையில் இருக்கட்டும். மண்டோர் (தோட்ட மேற்பார்வையாளர்) அவசரப்படுத்தினால் காதில் வாங்காதே.