தேர்வுக் குறிப்புகளைக் கோர்க்க ஒற்றை ஓட்டையா, இரட்டை ஓட்டையா?

தாள்கட்டு:
குறிப்புகளை அடுக்குவது பற்றி 'நீலமை' நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அவர் சொன்னது இது: "டிஎன்பிஎஸ்சி குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறவங்க எழுதுற எல்லாத் தாளுக்கும் இடது மேல் மூலையில ஒரு ஓட்டை, கோர்க்க ஒரு டேக் கயிறு. அது போதும். ரெண்டு ஓட்டை ஃபைல் தண்டச் செலவு."

கணக்குப் பார்ப்போம். 75 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 75 கிராம்) ஏ4 தாள் ஒன்று சுமார் 4.7 கிராம். 150 தாள் என்றால் 700 கிராம். டேக்கைப் பிடித்துக் கட்டைத் தூக்கினால் அத்தனை எடையும் ஒரே ஓட்டையின் விளிம்பில் தொங்குகிறது. புரட்டும்போது தாள் அந்த ஓட்டையைச் சுற்றிச் சுழல்கிறது. சுழலச் சுழல ஓட்டை நீளும், அப்புறம் மூலையே கிழிந்து வரும். முதலில் போவது மேலே உள்ள பத்துத் தாளும் அடியில் உள்ள பத்துத் தாளும்தான்.

இரட்டை ஓட்டையில் தாள் சுழலவே முடியாது. துளை 6 மி.மீ., இரண்டுக்கும் நடுவே 80 மி.மீ., விளிம்பிலிருந்து துளையின் மையம் 12 மி.மீ. இது ஐஎஸ்ஓ 838 என்ற சர்வதேசத் தரம். எந்தக் கடையில் ஃபைல் வாங்கினாலும் பொருந்தும்.

நீலமை:
150 தாளை ஒரே டேக்குல கோர்க்கச் சொன்னது யாருங்க? நான் சொல்லாததை நீங்களே எழுதி, நீங்களே மறுக்கிறீங்க. தலைப்புக்கு 40 தாள், மேலயும் கீழயும் ஒரு அட்டை. டேக்கை இறுக்கவே கூடாது, கட்டோட கனத்தைப் போல ரெண்டு மடங்கு நீளம் விடணும். இறுக்கிக் கட்டுறவங்களுக்குத்தான் கிழியும்.

தாலுகா ஆபீஸ் கோப்பைப் பாருங்க. மூலையில ஒத்தை டேக்தான். நாளைக்கு வேலைக்குப் போனா அதைத்தான் புரட்டப் போறீங்க. மூலை டேக்னா தாளை முழுசா பின்னால மடக்கிடலாம், பஸ்ல நின்னுக்கிட்டு ஒரு கையிலயே படிக்கலாம். உங்க லீவர் ஆர்ச் ஃபைலை, அதான் நெம்புகோல் வெச்ச ரெண்டு வளைய ஃபைலை, 7 மணி பஸ்ல விரிச்சுக் காட்டுங்க பார்ப்போம்.

தாள்கட்டு:
தாலுகா அலுவலகக் கோப்பை ஒரே ஆள் வருஷத்துக்கு இருபது தடவை திருப்புதல் செய்கிறாரா? குறிப்புக் கட்டுக்கு அதுதான் வேலை. உவமை சொல்லும்போது பொருத்தம் பார்க்க வேண்டும், நண்பரே.

தலைப்புக்கு 40 தாள் என்கிறீர்கள். மொத்தம் 2,000 தாள் என்றால் 50 கட்டு. ஐம்பது டேக் கட்டும் அலமாரியில் நிற்காது, படுக்கத்தான் வைக்க வேண்டும். அடியில் உள்ளதை உருவினால் மேலே உள்ளது சரியும். அதையே ஐந்து லீவர் ஆர்ச் ஃபைலில் போட்டால் நிற்கும், முதுகில் தலைப்பு தெரியும். ஒரு ஃபைலில் 400 தாளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் போனால் வளையத்தின் வளைவில் தாள் மாட்டிக் கிழியும்.

குருவிக்கூடு:
ரெண்டு பேரும் ஏன் அடிச்சுக்கிறீங்க? ஸ்பைரல் போட்டா வேலை முடிஞ்சது. ஓட்டைப் பேச்சே இல்லை.

தாள்கட்டு:
ஸ்பைரலிலும் ஓட்டைதான் மேடம், வரிசையாக நாற்பதுக்கும் மேல்.

அதை விடுங்கள். அரசியலமைப்புத் திருத்தங்களை 2022-இல் எழுதி ஸ்பைரல் போட்டாயிற்று, 105-ஆவது திருத்தத்தோடு முடிகிறது. 2023-இல் 106-ஆவது வந்தது, மகளிர் இடஒதுக்கீடு. அந்தத் தாளை எங்கே சொருகுவீர்கள்? பின்னட்டையில் ஒட்டுவீர்களா? தமிழ்நாட்டு மாவட்டங்கள் 2019-இல் 32-லிருந்து 37 ஆயின, 2020-இல் மயிலாடுதுறையோடு 38. ஒரே தாளை மாற்றினால் போதும் என்ற வசதி உதிரித் தாளுக்குத்தான் உண்டு. பிரித்துச் சேர்க்க முடியாத எதுவும் போட்டித் தேர்வுக்கு ஆகாது.

நீலமை:
இதைத்தான் நானும் சொல்றேன். டேக்கை அவிழ்த்துத் தாளை மாத்த அரை நிமிஷம். இதுல ரெண்டாவது ஓட்டைக்கு என்ன வேலை?

இன்னொண்ணு. பக்க ஓட்டைக்கு நீள வாட்டத்துல 25 மி.மீ. ஓரம் விடணும். தாளோட அகலம் 210. அப்போ ஒவ்வொரு பக்கத்துலயும் கிட்டத்தட்ட 12 சதவீதம் வெத்து. மூலை ஓட்டைக்கு ரெண்டு சென்டிமீட்டர் சதுரம் போதும்.

தாள்கட்டு:
வெற்று இல்லை. அந்த ஓரத்தில்தான் குறிச்சொல், ஆண்டு, பழைய வினா வந்த வருஷம் எல்லாம் எழுத வேண்டும். கடைசி வாரத் திருப்புதலே அந்த ஓரத்தை வைத்துத்தான். ஓரமே விடாமல் எழுதிய குறிப்பு பாடப்புத்தகத்தின் நகல்.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும், பலர் தவறுவதும் இங்கேதான். தாளின் பின்பக்கத்தில் ஓட்டை வலது பக்கம் வரும். அங்கே ஓரத்தை வலப்புறம் விட வேண்டும். இது தெரியாமல் இரண்டு பக்கமும் இடது ஓரம் விட்டுவிட்டு, எழுத்தின் மேல் ஓட்டை விழுந்தது என்று பஞ்சிங் மெஷினைத் திட்டுகிறார்கள்.

குத்தும் முறையும் உண்டு. ஒரு தாளை மேலும் கீழும் சேர மடித்து நடுவில் லேசாகக் கீறல் விட்டு, அதை மெஷினின் நடுக்குறியோடு பொருத்த வேண்டும். சின்ன மெஷினில் ஒரு தடவைக்குப் பத்துத் தாளுக்கு மேல் வேண்டாம். அதிகம் திணித்தால் அடித்தாள்களின் ஓட்டை விலகிவிடும், கட்டு கோணலாக நிற்கும்.

வைகைக்கரை:
2026-லயும் ஓட்டைக்கு அடிதடியா? ஸ்கேன் பண்ணி பிடிஎஃப் ஆக்கி கூகுள் டிரைவ்ல போடுங்க. 15 ஜிபி இலவசம். தாளைப் பழைய பேப்பர் கடையில போட்டுட்டு நிம்மதியா படிங்க.

மூலைவிட்டம்:
அந்த 15 ஜிபி மெயில், போட்டோ எல்லாத்துக்கும் சேர்த்துத்தான் சார். போன்ல டிரைவ் செயலியில ஒரு கோப்பை அழிச்சா எல்லா இடத்துலயும் போயிடும், குப்பைத்தொட்டியில 30 நாள்தான் இருக்கும். ஒத்திசைவு வேற, காப்புப் பிரதி வேற. தனி பென் டிரைவ்ல ஒண்ணு இல்லாம தாளைக் கடையில போடச் சொல்றது பாவம்.

வைகைக்கரை:
பென் டிரைவ் கெட்டுப் போகாதாக்கும். போன மாசம் ஜெல் பேனா விவாதத்துலயும் இப்படித்தான் உள்ளே வந்து குழப்பினீங்க.

மூலைவிட்டம்:
ஜெல் மை ஈரம் பட்டா ஓடும்னு சொன்னேன், இன்னைக்கும் அதையேதான் சொல்றேன். கோப்புக்குப் பேர் வைக்கிற லட்சணத்தையும் பார்த்தேன். "1, 2, 10"னு வெச்சா பல செயலிகள்ல 1-க்கு அப்புறம் 10 வந்து நிக்கும். 001, 002, 010னு வைக்கணும். தேதின்னா ஆண்டு, மாதம், நாள். அப்பதான் தானா வரிசை ஆகும்.

வைகைக்கரை:
விண்டோஸ்ல "1, 2, 10"னே ஒழுங்கா வரும். தெரியாம பேசாதீங்க.

மூலைவிட்டம்:
எல்லாரும் விண்டோஸ்லயா படிக்கிறாங்க?

தாள்கட்டு:
இந்தச் சண்டையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இங்கே கேள்வி ஓட்டை பற்றியது. நீலமை இன்னும் பதில் சொல்லவில்லை. தாள் சுழல்கிறதா, இல்லையா?

குருவிக்கூடு:
ஓட்டை கிழிஞ்சா வளைய ஸ்டிக்கர் ஒட்டலாமே? ஸ்டேஷனரி கடையில கிடைக்குது. அப்புறம் அலமாரியில அந்துருண்டை போடுங்க, பூச்சி வராது.

தாள்கட்டு:
வளைய ஸ்டிக்கர் நல்ல யோசனை. ஆனால் கிழிந்த பிறகு ஒட்டிப் பயனில்லை, மேலும் கீழும் உள்ள தாள்களுக்கு முன்கூட்டியே ஒட்ட வேண்டும். செல்லோடேப் வேண்டாம், மஞ்சளாகிப் பிசின் அடுத்த தாளில் ஒட்டும். ரப்பர் பேண்டும் அப்படியே, வெயில் காலத்தில் இளகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும். ஸ்டேப்ளர் முள் மழைக்காலத்தில் துருப்பிடிக்கும். ஜெராக்ஸ் தாளை மலிவான பிவிசி உறையில் போட்டால் எழுத்து உறைக்குப் போய்விடும், பாலிபுரோப்பிலீன் உறையா என்று கேட்டு வாங்க வேண்டும்.

அந்துருண்டைக்கு நான் எதிரி. படிக்கும் அறையில் அந்த வாடையைச் சுவாசிக்கக் கூடாது. கரையானுக்கு அது தீர்வும் இல்லை. அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்து, அடித்தட்டைத் தரையிலிருந்து உயர்த்தினாலே பாதி வேலை முடிந்தது.

குருவிக்கூடு:
எங்க ஊர்ப் பக்கம் எல்லா வீட்டு பீரோவுலயும் அந்துருண்டைதான். யாருக்கும் ஒண்ணும் ஆகல.

நீலமை:
தாள்கட்டு ஐயா தீர்ப்பு எழுதிட்டார், எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்.

தாள் சுழலுதுதான். சுழலணும்! சுழன்றாத்தான் பின்னால மடக்க முடியும். அதை நீங்க குறைன்னு சொல்றீங்க. அரசு அலுவலகம்னதும் முகம் சுளிச்சீங்களே, அங்க முடிச்ச கோப்பை எப்படிப் பிரிக்கிறாங்கன்னு தெரியுமா? எவ்வளவு காலம் வெச்சிருக்கணும்னு கோப்பு மேல குறி போடுவாங்க: எல்.டிஸ். ஓராண்டு, கே.டிஸ். மூன்றாண்டு, டி.டிஸ். பத்தாண்டு, ஆர்.டிஸ். நிரந்தரம். அதையே குறிப்புக்கும் வைங்க. நடப்பு நிகழ்வு ஓராண்டு, திட்டங்கள் மூன்றாண்டு, வரலாறும் இலக்கணமும் நிரந்தரம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு நிற டேக். வருஷக் கடைசியில ஓராண்டுக் கட்டை அப்படியே வெளியே போடலாம். 2,000 தாளையும் ஃபைல்ல காலத்துக்கும் சுமக்கிறவங்களுக்குத்தான் எடைக் கவலை.

தாள்கட்டு:
பிரிக்கும் முறை சரிதான். அதற்கும் ஒற்றை ஓட்டைக்கும் என்ன தொடர்பு? அதே நிறத்தில் ஃபைல் வாங்கினாலும் நடக்கும். சுழல வேண்டும் என்றால் கிழியவும் வேண்டும். "சுழலுதுதான்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், நான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

நீலமை:
எடுத்து உங்க ரெண்டு ஓட்டை ஃபைல்லயே கோர்த்து வைங்க. 40 தாள், தளர்வான டேக், ரெண்டு அட்டை. கிழியாது.

தாள்கட்டு:
கிழியும். 12 மி.மீ. தள்ளிக் குத்திய இரட்டை ஓட்டைதான் நிற்கும்.

வைகைக்கரை:
பிடிஎஃப்ல ஓட்டையே கிடையாது.

மூலைவிட்டம்:
முதல்ல 010னு பேர் வைங்க.