வான்ஜர் கப்பல்: வீரமா, வெறும் கதையா?

கடலோடி:
1794 ஜூன் 1 அன்று பிரிட்டிஷ் கடற்படையோடு நடந்த சண்டையில் அட்லாண்டிக்கில் மூழ்கிய பிரெஞ்சுப் போர்க்கப்பல் வான்ஜர் பற்றி நேற்று ஒருவர் இங்கே உருகியிருந்தார். சரணடைய மறுத்து, "குடியரசு வாழ்க" என்று முழங்கியபடி மொத்த ஆட்களும் கப்பலோடு போனார்களாம். பாரேர் என்ற அரசியல்வாதி ஜூலை 9 அன்று பாரிஸ் சட்டசபையில் விட்ட ரீல் இது. வான்ஜர் சரணடைந்துவிட்டது. பிரிட்டிஷ் படகுகள் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தபோதுதான் மூழ்கியது. கேப்டன் ரெனோடான் அப்போது எதிரியின் கலோடன் கப்பலில் பத்திரமாக இருந்தார்!

பாய்மரம்:
பாரேர் அளந்தது உண்மைதான். அதற்காக நடந்த சண்டையும் பொய்யா? பிரிட்டிஷ் கப்பலான பிரன்ஸ்விக்கின் நங்கூரங்கள் வான்ஜரின் கயிறுகளில் சிக்கிக்கொண்டன. வெட்டிவிடலாமா என்று கேட்டதற்கு, வேண்டாம், பிடித்ததை விடக்கூடாது என்றார் பிரன்ஸ்விக் கேப்டன் ஹார்வி. இரண்டும் எவ்வளவு ஒட்டிக் கிடந்தன என்றால், பிரன்ஸ்விக்காரர்களால் கீழ்த்தளப் பீரங்கிக் கதவுகளைத் திறக்கவே முடியவில்லை. தங்கள் கதவுகளைத் தாங்களே சுட்டுப் பெயர்த்துவிட்டுத்தான் வான்ஜரைச் சுட்டார்கள். மூன்று மணி நேரம் இப்படி. ஹார்வியே அந்தச் சண்டையில் பட்ட காயத்தில் அதே மாதம் இறந்தார். இதற்கு மேல் என்ன வீரம் வேண்டும்?

கடலோடி:
சண்டையை நான் எங்கே மறுத்தேன்? மூழ்கும்போது முழங்கினார்களா என்பதுதான் கேள்வி. பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் கார்லைல் தன் பிரெஞ்சுப் புரட்சி வரலாற்றில் இந்தக் கதையை நம்பி எழுதினார். அன்று கலோடனில் லெப்டினன்டாக இருந்த கிரிஃபித்ஸ் இது பொய் என்று பகிரங்கமாக எழுதினார். கார்லைல் பிறகு திருத்திக்கொண்டார். கிரிஃபித்ஸ் கேட்டது திகிலிலும் விரக்தியிலும் எழுந்த அலறல் மட்டும்தானாம்.

பாய்மரம்:
கிரிஃபித்ஸ் எழுதியது நாற்பது வருஷத்துக்கும் மேல் கழித்து. ரெனோடான் சிறைப்பட்டிருந்தபோதே எழுதிய அறிக்கை இருக்கிறது. பிரிட்டிஷ் படகுகள் ஆட்களை ஏற்றியதை அவர் மறைக்கவில்லை. ஆனால் மூழ்கியவர்களின் கடைசிக் குரல் "குடியரசு வாழ்க" என்றே எழுதியிருக்கிறார்.

கடலோடி:
ஆட்களை விட்டுவிட்டு முன்னாடியே போன கேப்டன் வேறு என்ன எழுதுவார்?

உப்புக்காற்று:
நடுவில் நுழைகிறேன். 74 பீரங்கி கொண்ட இந்தக் கப்பல் 1766-இல் துலோனில் மார்செய்யுவா என்ற பெயரில் இறங்கியது, மன்னராட்சிக் கப்பல். "மக்களின் பழிதீர்ப்பவன்" என்று பொருள்படும் வான்ஜர் என்பதன் முழுப்பெயரை வைத்தது அந்த 1794-இல்தான். வைத்து சில மாதத்தில் கடலடிக்குப் போய்விட்டது. இன்னொன்று, அன்று பிரெஞ்சுக்காரர்கள் இந்தக் கப்பலையும் சேர்த்து ஏழு கப்பல்களை இழந்தார்கள். ஆனால் அந்தப் படை காக்கப் புறப்பட்ட, அமெரிக்காவிலிருந்து வந்த தானியக் கப்பல்கள் பிரெஸ்ட் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தன. பசித்திருந்த நாட்டுக்கு அது போதாதா? பாரேருக்குப் போதவில்லை.

பாய்மரம்:
தானியம் சரி. தண்ணீரில் நின்றவன் ஒருவன் குடியரசு என்றும் பக்கத்தில் நின்றவன் படகு என்றும் கத்தியிருக்கக் கூடாதா?

கடலோடி:
கத்தியிருக்கலாம். பாரேர் படகு என்று கத்தியவனை மட்டும் கதையிலிருந்து அழித்துவிட்டார்.