புது ஸ்பிளெண்டர்: இன்சூரன்ஸ், பூட்டு பற்றி யோசனை வேண்டும்

கேள்வி: அடுத்த வாரம் வண்டி கைக்கு வருகிறது, இதுதான் முதல் பைக். ஷோரூமில் பாலிசியை அவர்களிடமே எடுக்கணும் என்று அடம் பிடிக்கிறார்கள். தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டால் போதாதா? ராத்திரி தெருவில்தான் நிறுத்த வேண்டும்.

பதில் 1: போதாது. தேர்ட் பார்ட்டி நீங்கள் இடித்தவருக்குத்தான். வண்டி திருடு போனால் ஒரு பைசா வராது. புது டூவீலருக்கு 5 வருடத்துக்குத் தேர்ட் பார்ட்டி கட்டாயம், கூடவே உங்கள் வண்டிக்கான ஓன் டேமேஜ் காப்பீட்டையும் சேர்த்துவிடுங்கள், திருட்டு அதில்தான் வரும். ஷோரூமில்தான் எடுக்கணும் என்று சட்டம் எதுவும் இல்லை, ஆன்லைனில் விலை பார்த்து அதைக் காட்டிப் பேரம் பேசுங்கள். ஆனால் ஐடிவியை, அதாவது பாலிசியில் வண்டிக்குப் போடும் மதிப்பைப் பாருங்கள்! பிரீமியம் கம்மியாகத் தெரிய அதைக் குறைத்துவிடுவார்கள், வண்டி தொலைந்தால் அந்தத் தொகையை வைத்துத்தான் கணக்கு.

பதில் 2: ஹேண்டில் லாக்கை மட்டும் நம்பாதீர்கள், பலமாகத் திருகினாலே உடைந்துவிடும். கனமான செயினைப் பின்சக்கரத்தில் விட்டுக் கேட் கம்பியோடு சேர்த்துப் பூட்டுங்கள். செயின் தரையில் கிடக்கக் கூடாது, தரையில் வைத்துச் சுத்தியலால் அடித்தால் சீக்கிரம் போய்விடும். டிஸ்க் பிரேக் மாடல் என்றால் பிரேக் தட்டில் மாட்டும் டிஸ்க் லாக்கும் போடலாம், ஆனால் காலையில் அதைக் கழற்ற மறந்து வண்டியை எடுத்தால் நீங்கள்தான் கீழே.

பதில் 3: இரண்டு சாவியையும் பத்திரமாக வையுங்கள். திருட்டு கிளைமுக்கு எஃப்ஐஆரோடு இரண்டையும் கேட்பார்கள். அப்புறம், 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு ஏற்கெனவே இருந்தால் இதில் மறுபடி கட்ட வேண்டாம்.