அஞ்செட்டி, பெட்டமுகிலாளம் பக்கம் மூடின மண்ரோடுங்கள திறக்கச் சொல்லி எம்எல்ஏகிட்ட போலாமா?

டிஎன்70 மண்ரோடு:

வணக்கம் எல்லாருக்கும். ஓசூர் சிப்காட்ல வேலை பாக்கறேன். எங்க பைக் கூட்டத்துல எக்ஸ்பல்ஸ், ஹிமாலயன், கேடிஎம் 390, ஒரு பழைய ஆர்எக்ஸ் 100 கூட இருக்கு, ஞாயித்துக்கெழமை விடிகாலைல கெளம்பி தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பெட்டமுகிலாளம்னு மண்ரோட்டுல சுத்திட்டு மத்தியானம் சாப்பாட்டுக்கு வீடு வந்து சேந்துருவோம். ரேஸ் எல்லாம் கிடையாது, சைலன்சர் மாத்தின வண்டிய கூட சேக்கறதே இல்ல.

இப்ப என்னன்னா ஒவ்வொரு தடமா மூடிட்டே வராங்க. ஒரு எடத்துல ரோட்டுக்குக் குறுக்க ஜேசிபி வச்சு அகழி வெட்டிருக்கு, ஆள் ஒசரம் ஆழம், அந்தப் பக்கம் ரோடு அப்படியே வளைஞ்சு போறது கண்ணுக்குத் தெரியுது ஆனா தாண்ட வழியில்ல. இன்னொரு எடத்துல இரும்பு கேட்டு, பூட்டு, அனுமதியின்றி நுழைந்தால் நடவடிக்கைன்னு போர்டு. எதுக்கு மூடினாங்க, மழைக்காலத்துக்கு மட்டுமா இல்ல மொத்தமாவா, யார்கிட்ட கேக்கறதுன்னு ஒரு வரி இல்ல.

அமெரிக்கால பைக்காரங்க சங்கமா சேந்து எம்பிங்கள நேர்ல பாத்து பேசி, மூடின தடங்கள திறக்க மசோதா வரைக்கும் கொண்டு போறாங்கன்னு படிச்சேன். நம்ம பக்கம் அப்படி முடியுமா? எம்எல்ஏவா, கலெக்டரா, மாவட்ட வன அலுவலர் டிஎஃப்ஓவா? பசங்க ஐம்பது வண்டிய சேத்து கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீசுக்கு பேரணியா போலாம்ங்கறாங்க, எனக்கு அதுல மனசு ஒப்பல. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பாலக்கோடு தாத்தா:

தம்பி, நான் வருவாய்த்துறைல இருந்து ரிட்டயர் ஆனவன். மொதல்ல அந்த ரோடு யாருதுன்னு பாருங்க. அது தெரியாம எம்எல்ஏ வீட்டு வாசல்ல நின்னா பாக்கறேன்பா, மனுவ குடுத்துட்டுப் போன்னு அனுப்பிருவாரு, அதோட முடிஞ்சது.

கிராமக் கணக்குல அ-பதிவேடுன்னு இருக்கு, ஒவ்வொரு சர்வே நம்பரும் என்ன வகைன்னு அதுல போட்ருக்கும், இப்ப ஆன்லைன்லயே பாக்கலாம். வண்டிப்பாதைன்னு இருந்தா அது பொதுவழி, பக்கத்து நிலத்துக்காரரு கல்லு நட்டு மறிச்சிருந்தா தாசில்தாருக்கு ஆக்கிரமிப்பு மனு குடுங்க, சர்வேயர் வந்து அளந்து குடுப்பாரு. ஆனா காப்புக்காடுன்னு, அதாவது வனத்துறை காவல்ல இருக்கற காடுன்னு இருந்தா அது 1882ம் வருஷத்து வனச்சட்டத்துல வருது, உள்ள அனுமதியில்லாம போறதே குத்தம். காப்புக்காடா அறிவிக்கறதுக்கு முன்னாடி அதுக்குன்னு ஒரு அலுவலர் ஊர் ஊரா விசாரிச்சு எந்த ஊருக்கு எந்த வழி, எந்தத் தண்ணித்துறைன்னு எழுதி வச்சிருப்பாங்க. அந்த உரிமை அந்த ஊர்க்காரங்களுக்கு, ஞாயித்துக்கெழமை வர்றவங்களுக்கு இல்ல.

மூணாவது வகை சரணாலயம், உங்களுக்கு பெரிய தலைவலி அங்கதான். 2014ல காவிரி வடக்கு சரணாலயம் அறிவிச்சாங்க, 504 சதுர கிலோமீட்டர், நம்ம கிருஷ்ணகிரி, தர்மபுரி ரெண்டு மாவட்டமும் அதுல வருது. 2022 நவம்பர்ல காவிரி தெற்கு, 686 சதுர கிலோமீட்டர், அஞ்செட்டி, உரிகம், ஜவளகிரி பக்கத்து காடுங்க அதுல போயிருச்சு. அங்க 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம்தான் பேசும். 27வது பிரிவுல யாரு உள்ள போலாம்னு கணக்கா எழுதிருக்கு, வேலையா போற அரசு ஊழியர், உள்ள நிலம் இருக்கறவங்க, பொது நெடுஞ்சாலை வழியா கடந்து போறவங்க, இப்படி. மத்தவங்களுக்கு 28வது பிரிவுல அனுமதி வாங்கணும், அதுல ஆராய்ச்சி, போட்டோ எடுக்கறதோட சுற்றுலாவும் வருது. நீங்க தட்ட வேண்டிய கதவு அது ஒண்ணுதான்.

இது பார்லிமெண்ட் போட்ட சட்டம், எம்எல்ஏவால ஒரு வார்த்தை மாத்த முடியாது. சரணாலய எல்லைய கொஞ்சம் நகத்தணும்னாகூட தேசிய வன உயிரின வாரியம் பரிந்துரை குடுக்கணும். ஆனா எந்த வழியில, எந்த மாசத்துல, என்ன கட்டணத்துல சுற்றுலாவுக்கு விடறதுங்கறது மாநில அரசு கைல இருக்கு, அத எம்எல்ஏ சட்டசபைல வனத்துறை மானியக் கோரிக்கை அன்னிக்கு பேசலாம். சட்டசபை மனுக்கள் குழுன்னு ஒண்ணு மாவட்டம் மாவட்டமா வருது, அதுக்கும் எழுதலாம்.

நாட்றாம்பாளையம் மலையடி:

பெரியவரு சட்டம் சொல்லிட்டாரு, நான் இங்க குடியிருக்கறவன் சொல்றேன். ஐப்பசி கார்த்திகை ஆச்சுன்னா கர்நாடகா காட்டுல இருந்து யானைக் கூட்டம் எறங்கும், ராகி கதிர் பிடிச்சு முத்தற நேரம். ராத்திரி பூரா பரண் மேல உக்காந்திருப்போம், வீட்டுக்கு ஒரு ஆளு, தகர டின்னும் டார்ச் லைட்டும்தான் ஆயுதம். கண்ணசந்தா ஒரு வருஷத்து சோறு போச்சு. விடிய அஞ்சரை ஆறு மணிக்கு கூட்டம் தானா காட்டுக்குள்ள திரும்பும், நாங்க அப்பாடான்னு எறங்குவோம், சரியா அந்த நேரத்துக்குத்தான் உங்க வண்டிங்க வரிசையா வருது. சத்தம் கேட்டதும் முன்னால போற பெரிய பொட்ட யானை நின்னுரும், காது ரெண்டையும் விரிச்சுட்டு அசையாம நிக்கும், பின்னால குட்டிங்கள நடுவுல தள்ளிட்டு மொத்த கூட்டமும் திரும்பி வயலுக்குள்ளயே வந்துரும். எங்களுக்கு எறங்கி ஓடறதுக்குக்கூட நேரம் இருக்காது. இத நான் கண்ணால பாத்துட்டு சொல்றேன் தம்பிங்களா.

நீங்க நல்லவங்களாவே இருக்கலாம். ஆனா நீங்க போடற வீடியோவ பாத்துட்டு பெங்களூர்ல இருந்து வர்றவங்கள யாரு கேக்கறது?

இன்னொண்ணும் சொல்லணும். மூடினது உங்களுக்கு மட்டும் இல்ல. ஆலம்பாடி மாடு பட்டி பட்டியா காட்டுல மேய்ஞ்ச சீமை இது, இப்ப பட்டி போட எடமில்லாம வித்துட்டு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயிட்டாங்க பாதிப் பேரு. பிரசவ வலி வந்தா தொட்டில் கட்டி தூக்கிட்டு எறங்கற ஊருங்க இந்த மலைல இன்னும் இருக்கு. ரோடு வேணும்னு நீங்க கேக்கறப்போ அவங்க பேரும் அந்தத் தாள்ல இருந்தா நானே கையெழுத்துப் போடுவேன், இல்லன்னா எதுத்துதான் நிப்பேன்.

காவேரிப்பட்டினத்தான்:

நான் கலிபோர்னியால இருக்கேன், இங்க டர்ட் பைக் ஓட்டறேன், அதனால நீங்க படிச்சதப் பத்தி கொஞ்சம் சொல்றேன். பைக்காரங்க போய் மிரட்டி வாங்கினாங்கன்னு நெனைச்சா தப்பு. இங்க 1971லயே மாநில சட்டமன்றத்துல ஆஃப்ரோடு வண்டிங்களுக்குன்னு தனிச் சட்டம் போட்டாங்க, வண்டிக்கு தனி பதிவு, ஸ்டிக்கர், அந்தப் பணமும் பெட்ரோல் வரில ஒரு பங்கும் சேந்து தடத்த பராமரிக்கவும் கெட்டுப்போன மலைய சரி பண்ணவும் போகுது. நாடு முழுக்க 1991ல இருந்து ஒரு தடத் திட்டம் இருக்கு, காட்டுலயும் மலையிலயும் எரியற பெட்ரோலுக்குக் கட்டின வரிய எடுத்து தடத்துக்கே குடுக்கறது, 30 சதவீதம் மோட்டார் தடத்துக்கு, 30 நடக்கறவங்க மாதிரி மோட்டார் இல்லாதவங்களுக்கு, மிச்சம் 40 எல்லாருக்கும் பொதுவான தடத்துக்கு. எம்பி முன்னாடி போய் நிக்கறப்போ எங்க பணம் இதுல இருக்குன்னு சொல்ல முடியுது.

ரெண்டாவது மேப். 2005ல வந்த விதிப்படி தேசியக் காடுகள்ல வரைபடத்துல குறிச்ச தடத்துல மட்டும்தான் வண்டி போலாம், குறிக்கலன்னா மூடினதுன்னுதான் அர்த்தம். நெறைய பேரு அப்ப எதுத்தாங்க, ஆனா சண்டை எந்தத் தடத்துக்குன்னு அதுக்கப்புறம்தான் தெளிவாச்சு. 2023ல யூட்டால மோவாப் பக்கம் 317 மைல் தடத்த மூடினப்போ அதுக்கு கோர்ட்டுக்கே போக முடிஞ்சதும் ஒவ்வொரு தடத்துக்கும் நம்பரும் பதிவும் இருந்ததாலதான்.

எல்லாம் ஜெயிச்சதுன்னும் சொல்ல மாட்டேன். இங்க கலிபோர்னியாலயே கிளியர் க்ரீக்னு ஒரு எடம், மண்ணுலயே இயற்கையா ஆஸ்பெஸ்டாஸ் இருக்கு, வண்டி கெளப்பற புழுதில நுரையீரல் கெட்டுப்போகும்னு 2008ல மூடிட்டாங்க. பைக்காரங்க விடாம போராடினாங்க, அந்தத் தொகுதி எம்பிங்க திறக்கறதுக்கு ஒரு தடவைக்கு மேல மசோதா கொண்டு வந்தாங்க, அப்படியும் பழைய மாதிரி டர்ட் பைக்குக்கு திறக்கல. காரணம் உடம்பு சம்பந்தப்பட்டதா இருந்தா அரசாங்கம் லேசுல எறங்காது. நம்ம ஊர்ல அந்த எடத்துல யானையும் மனுஷ உயிரும் இருக்கு, அத மனசுல வச்சு கேளுங்க.

சைலன்சர்ல தீப்பொறி வெளிய வராம தடுக்கற ஸ்பார்க் அரெஸ்டர் இல்லாத வண்டிய இங்க காட்டுக்குள்ள விட மாட்டாங்க. மாசி பங்குனில நம்ம மலைல புல்லு எப்படி காஞ்சு கெடக்கும்னு உங்களுக்கே தெரியும், அத நீங்களா முன்வந்து மனுவுல எழுதுங்க.

டிஎன்29 ரைடர்:

எல்லாரும் ரைடர்ஸ்தான் விட்டுக்குடுக்கணும்ங்கற மாதிரியே பேசறீங்க, எனக்கு அதுல முழுசா உடன்பாடு இல்ல. ரிசார்ட் ஜீப்பு அதே காட்டு ஓரத்துல போகுது, கோயில் திருவிழான்னா நூறு டெம்போ போகுது, எங்க வண்டி ஒண்ணு போனா மட்டும் குத்தமா? நாங்களும் வரி கட்டறோம், எங்களுக்கும் இந்த மலை மேல பாசம் இருக்கு.

ஆனா நாட்றாம்பாளையத்து அண்ணன் சொன்னதப் படிச்சப்புறம் ஒண்ணு ஒத்துக்கறேன், சரணாலயத்துக்குள்ள கேக்கறது வேணாம். 2018ல குரங்கணி காட்டுத்தீல அத்தன பேரு செத்தப்புறம் ட்ரெக்கிங்க நிறுத்தினாங்க, அப்புறம் விதி போட்டாங்க, 2024 அக்டோபர்ல அரசாங்கமே 40 ட்ரெக்கிங் தடத்த ஆன்லைன் புக்கிங்கோட திறந்துச்சு, நம்ம கிருஷ்ணகிரில குத்திராயன் மலை, அய்யூர் சாமி ஏரி ரெண்டும் அதுல இருக்கு. உள்ளூர்ப் பசங்கதான் வழிகாட்டி, கட்டணம் உண்டு, எத்தன பேருன்னு கணக்கு உண்டு. நடக்கறவங்களுக்கு செஞ்ச மாதிரி, காட்டுக்கு வெளிய நாலஞ்சு மண்ரோட்ட பைக்குக்கு குறிச்சுக் குடுங்கன்னு கேட்டா அது ஞாயமான கேள்விதான?

அதோட கைவிட்ட கிரானைட் குவாரிங்க நம்ம கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் எவ்வளவு கெடக்கு. கோலார் பக்கத்துல டக்கார் ரேஸ்ல பைக் ஓட்டின சி.எஸ்.சந்தோஷ் ஆரம்பிச்ச டர்ட் பார்க் இருக்கு, ஓசூர்ல இருந்து பசங்க அங்க போய் காசு கட்டி கத்துக்கறாங்க. டிவிஎஸ் தொழிற்சாலையே ஓசூர்ல இருக்கு, இங்க ஒரு பயிற்சி மைதானம் இல்லங்கறது எனக்கு ரொம்ப நாளா வயித்தெரிச்சல். குவாரில தண்ணி நின்ன பள்ளத்துக்கு வேலி போட்டு, கனிமவளத்துறை, கலெக்டர் ரெண்டு பேரும் சம்மதிச்சா யானையும் இல்ல ராகியும் இல்ல, யாருக்கும் தொந்தரவில்லாம ஓட்டலாம்.

டிஎன்70 மண்ரோடு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பேரணி வேணாம்னு பசங்ககிட்ட சொல்லிட்டேன். நாட்றாம்பாளையம் அண்ணா, விடிகாலைல வர்றத நிறுத்திக்கறோம், எட்டு மணிக்கு முன்னாடி மலை ஏற மாட்டோம், அறுவடை முடியற வரைக்கும் அந்தப் பக்கமே வர மாட்டோம், இத மனு குடுக்கறதுக்காக சொல்லல. தடம் தெரியற மாதிரி போட்ட வீடியோங்களையும் எடுத்துட்டோம்.

தாத்தா, ஊர்க்காரங்களுக்கும் சேத்து கேக்கறதுன்னா எப்படி எழுதறது? ரெண்டும் ஒரே மனுவுல வரலாமா?

பாலக்கோடு தாத்தா:

வேணாம் தம்பி, தனித்தனியா எழுதுங்க. ஊர் ரோட்டுக்கு 2006 வன உரிமைச் சட்டத்துல வழியிருக்கு, ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி மாதிரி வேலைக்கு ஒரு ஹெக்டேருக்கு உள்ள, ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல வெட்டாம இருந்தா கிராம சபை பரிந்துரைல வன நிலம் குடுக்கலாம். அந்தத் தீர்மானத்த ஊர்க்காரங்கதான் போடணும், நீங்க மேப் வரையறதுக்கும் டைப் அடிக்கறதுக்கும் ஆள் குடுங்க, முன்னால நிக்க வேணாம். பைக் சமாச்சாரத்த அதுல கலந்தா அவங்க மனுவும் சேந்து கெட்டுப்போகும்.

உங்க மனுவுல சரணாலயம், காப்புக்காடு ரெண்டுலயும் படாத தடமா மூணே மூணு எடுங்க. ஒவ்வொண்ணுக்கும் கிராமம் பேரு, சர்வே நம்பரு, அ-பதிவேடு நகல், அந்த நெலத்தோட எல்லைய காட்டற புல வரைபடம் வைங்க. எந்த மாசம் ஓட்ட மாட்டோம், எத்தன மணிக்கு மேல மட்டும் வருவோம், ஒரு நாளைக்கு எத்தன வண்டி, அந்த ஊராட்சிக்கு என்ன கட்டணம்னு நீங்களே எழுதுங்க. திங்கக்கெழமை குறைதீர் கூட்டத்துல கலெக்டர்கிட்ட குடுத்து ரசீது வாங்கிட்டு, அதே மனுவோட நகல டிஎஃப்ஓவுக்கும் எம்எல்ஏவுக்கும் குடுங்க. அஞ்சு பேரு போனா போதும், அதுல ரெண்டு பேரு அந்த ஊர்க்காரங்களா இருக்கட்டும்.

நாட்றாம்பாளையம் மலையடி:

கிராம சபைக்கு நான் ஆள் சேக்கறேன். ஜனவரி 26க்கு நடக்கும், அதுக்குள்ள தீர்மானத்த எழுதி வச்சுக்கணும். தம்பி, மேப் போடற பையன அனுப்புங்க, பகல்ல வரச் சொல்லுங்க, நடந்தே எந்த வழின்னு காட்டறேன்.