எடை குறைச்சா பசி கூடுதே, ஏன்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். நமக்கு குலசேகரம் பக்கம். அண்ணன் ரப்பர் பால் வெட்டுற ஆளு. விடியக்காலம் மூணு மணிக்கு எழும்பி, ஒரு கட்டன் சாயா குடிச்சிட்டு தோட்டத்துக்குப் போயிருவாங்க. போன வருசம் மரச்சீனிக் கிழங்கையும் ராத்திரிச் சோத்தையும் பாதியாக்கி 9 கிலோ குறைச்சாங்க. இப்போ 7 கிலோ திரும்பி வந்தாச்சு. பசி முன்னைவிடக் கூடுதல்னு சொல்றாங்க. காட்டின டாக்டர், "வாயைக் கட்டணும்"னு ஒத்த வரியில முடிச்சிட்டார்.

நான் கொஞ்சம் வாசிச்சுப் பார்த்தேன். இரைப்பை காலியா கிடக்கும்போது அதோட மேல்பகுதியில இருந்து கிரெலின்னு ஒரு ஹார்மோன் சுரந்து, பசியைக் கிளப்பி விடுமாம். 1999ல ஜப்பான்காரங்க கண்டுபிடிச்சது. கொழுப்புல இருந்து வர்ற லெப்டின் "போதும்"னு மூளைக்குச் சொல்லுமாம். எடை குறைஞ்சா லெப்டின் குறையும், கிரெலின் கூடும். அப்போ அண்ணன் மேல மட்டும் குத்தம் சொல்ல முடியாதுல்லா? தூக்கம் குறைஞ்சாலும் பசி கூடுமாம். பத்து மணிக்குப் படுத்து மூணு மணிக்கு எழும்புறவங்களுக்கு அதுக்கு என்ன வழி?

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் இதைப் பொறுமையாக் கேட்டுப் பார்க்கிற ஹார்மோன் டாக்டர் யாராவது உண்டுமா? பால் வெட்டுற வீட்டு ஆட்கள் யாராவது எடையைக் குறைச்சு அப்படியே நிப்பாட்டியிருந்தா, எதை எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்கன்னும் எழுதுங்க. பொடி, ஷேக் விக்கிறவங்க தயவுசெய்து வேண்டாம். ஏற்கெனவே ரெண்டு டப்பா கிடக்கு.